அடங்கலில் உன் பேர்

உத்திரமேரூர் தாலுக்கா
28-4-1988

அன்பு மகன் ஜெகநாதனுக்கு அம்மா தாயாரம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அந்தத் தூர தேசத்தில் நீ கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று திருப்புலிவனத்து ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை. அப்பா எழுதாமல் நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். அப்பாவின் வலது கையில் இனி மூன்று விரல்தான். உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே, பதறிப்போய்க் கிளம்பியும் விடாதே. சீட்டு கைக்கு வருமுன் அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீதான் எழுதியிருக்கிறாய். உட்கார்ந்து கடைசி வரை படி.

தை மாதம் வந்த உன் கடிதத்தில்தான் இது ஆரம்பித்தது, உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கப்பலில் சமையல் ஆளாகப் போய், துறைமுகத்தில் இறங்கித் திரும்ப ஏறாமல், திராட்சைத் தோட்டத்தில் மூன்று வருஷம் ஒளிந்து ஒளிந்து கூலி வேலை செய்த உனக்கு விடிவு வந்துவிட்டது, புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், இன்ன வருஷத்தில் தொண்ணூறு நாள் வயலில் வேலை செய்தேன் என்று அத்தாட்சி காட்டினால் அங்கேயே நிலையாக இருக்கச் சீட்டு கொடுப்பார்கள், கார்த்திகைக்குள் மனுப் போட வேண்டும், ஆனால் தோட்டக்காரன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான், உன் கூட வேலை செய்யும் மெக்சிகோக்காரன் போய்க் கேட்டதற்கு மேஸ்திரி அவன் பல் உதிர அடித்தான் என்றெல்லாம் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே கிடைக்காத அத்தாட்சி இங்கே கிடைக்காதா என்று தோன்றிவிட்டது. நம் ஊரில் எதற்கும் சீல் வைத்த காகிதம் ஒன்று இருந்தால் வேலை நடக்கிறதே, அங்கே மட்டும் நடக்காதா என்று நினைத்தேன். கிராம அதிகாரிக்கு ஒரு தூக்கு நெய்யும் அரை மூட்டை வேர்க்கடலையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஏரிக்கீழ் இரண்டு ஏக்கருக்கு அடங்கலில் உன் பேரை எழுத வைத்தேன். அடங்கல் உனக்கு மறந்திருக்கும். நிலம் யாருடையது என்பதை அதில் எழுத மாட்டார்கள், யார் உழுது பயிர் வைக்கிறார்கள் என்று வருஷா வருஷம் எழுதுவார்கள். பதினாறு வருஷமாக அதில் இருந்தது நம் நிலத்தை வாரத்துக்கு உழுது விளைச்சலில் பங்கு அளக்கும் வேதகிரி பேர். அதை அடித்துவிட்டு, மூன்று வருஷத்துக்கும் ஜெகநாதன் என்று எழுதி வாங்கினேன். உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் வந்ததே சீல் வைத்த நகல், அது இந்த அடங்கல்தான். அப்பாவிடம் பிறகுதான் சொன்னேன். வேதகிரியிடம் சொல்லவே இல்லை. படிக்காதவன், அவனுக்கு எங்கே தெரியப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

பங்குனி உத்திரம் கழிந்த நாலாம் நாள் அவன் அடுத்த போகத்துக்குக் கடனில் உரம் வாங்கக் கூட்டுறவு சொசைட்டிக்குப் போயிருக்கிறான். வேதகிரி, அடங்கலில் உன் பேரில் பயிரே இல்லை, அமெரிக்காவில் இருக்கிறவன்தான் உழுகிறானாம் என்று பத்துப் பேர் சிரிக்கத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உன்னை நிலத்தை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று யாரோ ஏற்றியும் விட்டார்கள். அவன் நேரே கழனிக்கு வரவில்லை, வீட்டுக்குப் போய் வேலிமுள் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டுதான் வந்தான். நியாயம் கேட்க வந்தவன் கையில் கத்தி எதற்கு என்று போலீஸ்காரர் கேட்டார், அதுவும் சரிதான். அப்பாவும் உன் தம்பி முத்துவேலும் மோட்டார் கொட்டகையில் இருந்தார்கள், நான் கூழ் கொண்டு போயிருந்தேன். "எம் பேரு இன்னா ஆச்சி" என்று அவன் கேட்டான். குரல்கூட உயரவில்லை. பிள்ளைக்காகச் செய்தோமப்பா, உன் நிலத்தை யாரும் பிடுங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உன் அப்பாவுக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே. "எந் நெலம், எவம் பேரு வேணா எய்துவேன், உனுக்கு இன்னா" என்று சொல்லிக்கொண்டே காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தார். அவன் கத்தியை வீசினான். கழுத்துக்கு வந்ததை அப்பா கையால் தடுத்தார். இரண்டு விரல் வாய்க்கால் சேற்றில் விழுந்தது, நான்தான் எடுத்து முந்தானையில் சுற்றினேன், சூடாக இருந்தது. அதற்குள் முத்துவேல் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து வேதகிரியின் முழங்காலில் போட்டான். விழுந்தவனை அதே காலில் மறுபடி, மறுபடி. எலும்பு நொறுங்கிய சத்தம் இப்போதும் உலக்கை பிடிக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கிறது. அன்று பொழுது சாய்வதற்குள் நம் பங்காளிகள் போய் அவன் வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள், பக்கத்தில் கட்டியிருந்த சினைப்பசு கயிற்றோடு வெந்து செத்தது. இத்தனையும் நடந்ததற்குக் காரணம் அப்பாவின் வாயும் அவன் கத்தியும் என்று ஊர் சொல்கிறது. காரணம் நான். கூழ்ச்சட்டியை வைத்துக்கொண்டு நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

வேதகிரி செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், முழங்காலோடு காலை எடுத்துவிட்டார்கள், இனி ஏர் பிடிக்க முடியாது. முத்துவேல் ஜெயிலில் இருக்கிறான். வக்கீலிடம் போனபோது, அந்த அடங்கலைக் கோர்ட்டில் காட்டினால் போதும், சம்பந்தமில்லாதவன் கத்தியோடு உங்கள் கழனியில் நுழைந்தான், தற்காப்புக்கு அடித்தோம் என்று பையனை வெளியே கொண்டுவந்து விடலாம் என்றார். இந்தக் காகிதம் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டார், சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அம்மா, அந்த வருஷம் பையன் உத்திரமேரூரில் உழுதுகொண்டிருந்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அப்படியானால் அமெரிக்காவில் திராட்சை பறித்தது யார் என்று அவர்கள் கேட்க மாட்டார்களா என்றார். அந்த நாற்காலியிலேயே என் உயிர் போயிருக்கலாம். உன்னை அங்கே நிலைநிறுத்த வாங்கிய காகிதம் உன்னைத் துரத்துகிற காகிதம். தொண்ணூறு நாள் பாடுபட்டவனுக்கு உரிமை உண்டு என்று சட்டம் வந்ததாக நீ எழுதியபோது கையெடுத்துக் கும்பிட்டவள் நான், அதே கையோடு போய்த்தான் பதினாறு வருஷம் பாடுபட்டவன் பேரை அடித்தேன்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன், அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தாலுக்கா ஆபீசுக்குப் போய், அடங்கலில் இருப்பது பொய், நெய் கொடுத்து எழுதச் சொன்னது நான், பயிர் வைத்தது வேதகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முத்துவேலுக்கு ஐந்து வருஷம் விழும் என்கிறார்கள். பெற்ற வயிறு எரிகிறது ஜெகா, ஆனால் இன்னொரு பொய்யை அந்தக் காலின் மேல் வைக்க என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி ஆதிலட்சுமியிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. "ஒரு வார்த்த கேட்டிருந்தா அவரே வந்து கைரேக வெச்சிருப்பாரு யக்கா. எங்கள கேக்கறதுக்கு ஒங்களுக்கு வாயி வரல" என்றாள். கஞ்சித் தூக்கைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

சாலவாக்கத்தில் உன் தங்கை சுலோச்சனாவுக்கு இது ஏழாவது மாதம், அவளுக்கு விவரம் முழுவதும் சொல்லவில்லை, நீயும் எழுதாதே. நவரைப் பட்டத்து நெல் முற்றி நிற்கிறது, ஆள் விட்டு அறுத்து முழுவதையும் வேதகிரி வீட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை செய்யாதே, மேஸ்திரியோடு வாய் கொடுக்காதே. எந்தக் கை உன் மேல் ஓங்கினாலும் நீ திருப்பி ஓங்காதே. நீ ஒருவனாவது முழுசாக இருக்க வேண்டும், உனக்கு எல்லா நலமும் சேர வேண்டும், இந்தப் பாவியின் ஆசி பலிக்குமானால் பலிக்கட்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது இது. கடிதத்தை மடித்து வைப்பதற்குள் அந்த அடங்கல் நகலை அடுப்பில் போடு. மனுவில் உன் கை பறித்த நாட்களை மட்டும் எழுது. தோட்டக்காரன் கையெழுத்துத் தராவிட்டால் அந்தப் பல் போன மெக்சிகோக்காரனிடம் போ, பக்கத்தில் நின்று பறித்தவன்தானே, நீ வேலை செய்ததை அவன் சொல்லட்டும், அவன் வேலை செய்ததை நீ சொல். கேட்க வெட்கப்படாதே மகனே, போய்க் கேள். நான் கேட்காமல் விட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தாயாரம்மாள்