மிளகுப் பசையில ஒட்டின பதினாறு ஸ்டாம்பு

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
ஞாயித்துக்கிழமை

அன்பு மக தேன்மொழிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் மாடு கண்ணும் நல்ல சுகம், அமிர்தசரஸ் குளிருல உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு நோவும் வரப்படாதுன்னு அறப்பளீஸ்வரரைக் கும்புட்டுக்கறேன். மரவள்ளி புடுங்கியாச்சு, மிளகு இந்த வருசம் சுமார்தான். ஆனா கண்ணு, உங்கம்மா வயிறு குளுந்து உக்காந்திருக்கறேன், போன்ல சொன்னா பாதியில கட்டாயிரும்னுதான் எழுதறேன்.

உங்கப்பாவோட ஸ்டாம்பு நோட்டு ஞாபகம் இருக்குமே, சுதந்திரம் வந்த புதுசுல கவருமெண்டு போட்ட பதினாறு ஸ்டாம்பு, தாஜ்மகால், குதுப்மினார், செங்கோட்டைன்னு. நீ வேலைக்குப் போனதுல இருந்து அதுல உங்கூர்ப் பொற்கோயிலைத்தான் தெனம் பாப்பாரு, எம்புள்ள இங்கதான் இருக்குதுன்னு. சேலத்துல ஒருத்தருக்குக் காட்டிட்டு வாரேன்னு உன் சித்தப்பன் ராசப்பன் வாங்கிட்டுப் போனான். அப்பா சாகக் கெடந்தப்ப நீ ரயில்ல வந்துட்டு இருந்தே, புள்ள மொகத்தைத்தான் பாக்க முடியல, அந்தக் கோயிலையாவது காட்டுங்கன்னாரு. அந்தப் பாவி கட்டிலுகிட்ட நின்னு, அது கரையான் தின்னுடுச்சண்ணான்னு கூசாமச் சொன்னான். பூச்சி அண்டப்படாதுன்னு உங்கப்பா மரவள்ளிமாவுப் பசையில மிளகுப்பொடி கலந்துதானே ஒட்டுவாரு. அவன் வெளிய போனதும், மிளகு போட்டதைக் கரையான் தின்னுச்சான்னு எங்கிட்ட ஒரே வார்த்தை கேட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான். அன்னைக்குப் புடிச்ச நெருப்பு சாமி, மூணு வருசமா என் நெஞ்சுல எரிஞ்சுது.

போன வாரம் பேப்பர்ல அவன் போட்டோ வந்துச்சு. நாமக்கல்லுல ஸ்டாம்பு கண்காட்சியில மொதப் பரிசாம், எங்கப்பன் எனக்குக் குடுத்ததுன்னு பல்லை இளிச்சுட்டு நிக்கறான். கண்காட்சி இன்னும் ரெண்டு நாள் இருக்குதுன்னு போட்டிருந்துச்சு, மறுநா காத்தால பஸ்ஸுக்கே எறங்கிப் போயிட்டேன். அத்தனை பேரு நடுவுல நின்னு, ஏனுங்கய்யா, இது எதுல ஒட்டுனதுன்னு அவனையே கேளுங்கன்னேன். கடைக் கோந்துன்னு முழிச்சான். ஸ்டாம்புக்குப் பின்னால மிளகு இல்லாட்டி என்னைச் செருப்பால அடிங்கன்னேன். பரிசு குடுத்த பெரியவரு பொற்கோயிலைத்தான் மெதுவாப் பிரிச்சாரு, கருப்பு கருப்பா மிளகு. பரிசைத் திருப்பி வாங்கிட்டாங்க, நோட்டு என் கைக்கு வந்துருச்சு. அண்ணீ அண்ணீன்னு கால்ல வுழுந்தான், நான் காலை இழுத்துக்கிட்டேன். பாவம்மா, விட்டுடுன்னு எழுதாத, எனக்கு அவன் மேல துளி எரக்கம் இல்ல. அந்த ஸ்டாம்பை உங்கப்பா படத்துக்கு முன்னால வச்சிருக்கறேன்.

வேளாவேளைக்குச் சாப்புடு, தலைக்குத் துணி கட்டாம வெளிய போகாத. ரெண்டு பேரும் ஒரு கொறையும் இல்லாம நெறஞ்சு வாழோணும். ஒண்ணு மட்டும் மறந்துடாத கண்ணு. ராசப்பன் மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதிக் குடுத்தனுப்பியிருக்கறான், நான் பிரிக்கவே இல்ல. அம்மா படிச்சாங்களான்னு உனக்குத்தான் போன் பண்ணுவான். அதைக் கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிடு.

இப்படிக்கு
உன் அம்மா
ராமாயி