முறை வைத்துப் பாய்ச்சிய மாத்திரை

செப்டம்பர் 9, செவ்வாய்

ஃப்ளூ காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரைகள். ஒன்று பழையது, ஒன்று புதியது. வார்டில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு எது மேல் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் எங்கள் ஆய்வு. ஒட்டிய உறையைப் பிரித்தால் சீட்டில் எது வருகிறதோ அதுதான் மருந்து.

துறைத் தலைவர் இராஜாங்கத்துக்கு மட்டும் விடை தெரியும். "என் மச்சானுக்குப் புதுசு குடுத்தேம்மா நிலோஃபர். மறுநாளே எழுந்து பிரியாணி சாப்பிட்டான்."

மச்சான் ஒருவர். பிரியாணி ஒன்று. மருத்துவ அறிவியல் இவ்வளவு சிக்கனமானது என்று நான் படித்த காலத்தில் யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

பூதலூர் வைரக்கண்ணுவுக்குப் பழையது வந்தது. பக்கத்துக் கட்டில், முத்துப்பேட்டை சேக் தாவூதுக்குப் புதியது. இருவருக்கும் ஆக்சிஜன். மனைவியர் இருவரும் அதற்குள் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறார்கள்.

செப்டம்பர் 13, சனி

கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

தாவூதின் மாத்திரையை வைரக்கண்ணுவின் மனைவி அம்சம் தன் கணவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"ராத்திரி முறை எங்களுது, டாக்டர்."

காலையில் அவரவர் மாத்திரை, இரவில் மாற்றிக்கொள்வது. வந்த நாள் முதல் இதே ஏற்பாடு.

"வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சா முறை வெச்சுத்தானே பாய்ச்சுவோம்? எது நல்ல மருந்துன்னு தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டும் ரெண்டு பேருக்கும் போவட்டுமே."

தாவூதின் மனைவி ஹபீபுன்னிசா சேர்ந்துகொண்டார். "ஒருத்தர் மட்டும் பொழைச்சா, அப்பறம் நாங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்க வேணாமா?"

இன்னும் சத்தமாகக் கத்தினேன். மாத்திரைப் பட்டையை அப்படியே கையில் கொடுத்துவிட்டுப் போனது யார்? நாங்கள். இனி வேளைக்கு ஒன்று; நர்ஸ் எதிரில்தான் விழுங்கவேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

இருவரும் குணமாகி வீட்டுக்குப் போனார்கள்.

இராஜாங்கம்: "ரெண்டு பேருமே புதுசு சாப்பிட்டவங்கதானே? புதுசு பக்கம் எழுதிடுங்க."

ரெண்டு பேருமே பழசும் சாப்பிட்டவங்க சார், என்றேன்.

"அதைப் போய் ஏம்மா பெருசுபடுத்தறீங்க?"

செத்திருந்தால் எந்தப் பக்கம் எழுதச் சொல்லியிருப்பீர்கள் — கேட்கவில்லை. சீட்டில் வந்தபடியே எழுதினேன். இருவரும் மாத்திரை மாற்றிக்கொண்டதையும் கீழே எழுதினேன். இப்போதெல்லாம் என் வணக்கத்துக்கு அவர் தலையசைப்பதில்லை. கழுத்துக்கு ஓய்வு கொடுக்கிறார் போலும்.

செப்டம்பர் 20, சனி

தௌபீக்குக்கு மூச்சு வாங்குகிறது. மன்னார்குடியில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் என் கணவர். ஃப்ளூவை இஞ்சி டீயால் வெல்லப் பார்த்தவர். எங்கள் வார்டிலேயே கட்டில்.

இராஜாங்கம் போன் செய்தார். "உங்க வீட்டுக்காரருக்குச் சீட்டெல்லாம் எதுக்கும்மா? புதுசே குடுத்துடலாம்."

கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. 'சரி சார்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டதே, அதன் மேல்.

நான் விலகிக்கொண்டேன். ஜூனியர் டாக்டர் வளவன்தான் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து தௌபீக்கின் குரல்: "ஊரான் வீட்டுப் புருஷனுக்கெல்லாம் சீட்டு. டாக்டரம்மா புருஷனுக்கு மட்டும் ஸ்பெஷலா? பிரிங்க தம்பி."

பழையது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆக்சிஜனைக் கூட்டியிருக்கிறார்கள்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்து என் கையருகே உள்ளங்கையைத் திறந்தார். ஒரு மாத்திரை. நர்ஸை எப்படி ஏமாற்றினாரோ. "எங்களுக்குப் புதுசு வந்திருக்கு டாக்டர். இந்த வார்டுல முறை வெச்சுக்குவாங்களாமே?"

"வேண்டாம்க்கா. உங்க ஆளுக்கே குடுங்க" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஆய்வின் எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24

தௌபீக் ரசம் கேட்டார். உப்பில்லை என்று திட்டினார்.

ஒருவர் பிழைத்தது எதையும் நிரூபிக்காது.

எழுத்து சரியாக விழவில்லை. மறுபடி எழுதுகிறேன்: ஒருவர் பிழைத்தது எதையும் நிரூபிக்காது.