ஓரத்தில் நீ எழுதிய வரி

என் செல்லத் தம்பி இளங்கோ,

இன்று மாலை ஐந்து மணிக்குள் உனக்காக நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீ இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாய்.

நீ பாதியில் விட்டுப்போன அனிமேஷன் படத்தை, உன்னிடம் வேலை கற்ற என் பழைய மாணவி கவிதாதான் முடிக்கிறாள். பாயான் பாரு நகரில் அதே அலுவலகம், உன் நாற்காலி. காட்சியைச் சொன்னால், கேமராவை எங்கே வைப்பது, எப்படி நகர்த்துவது என்று இப்போது செயற்கை நுண்ணறிவே திட்டம் போட்டுத் தருகிறது. உன் பாணியில் யோசிக்கட்டும் என்று உன் ஓவியங்களை ஸ்கேன் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

மதியம் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து கடைசிக் காட்சியைக் காட்டினாள். சிறுமியின் பட்டம் நூலறுந்து கடற்கரைத் திடலுக்கு மேலே பறக்கிறது. கேமரா தரையிலேயே கிடக்கிறது. அசையவே இல்லை.

"அப்படியே அண்ணன் ஸ்டைல்லா, டீச்சர்! நீங்க ஓகேன்னு சொன்னா அஞ்சு மணிக்கு ஆபீஸ்ல இந்த ஷாட்ட முடிவா அனுப்பிடுவாங்க. அப்புறம் மாத்த முடியாது."

இதுவா உன் பாணி? நம் ஃபிளாட்டின் மொட்டைமாடியில் எக்கி நின்று வரைந்தவன் நீ. கீழே கண்ணை மூடிக்கொண்டு கத்தியவள் நான். "நீ கண்ணத் தொற அக்கா, நான் எறங்குறேன்" என்று கேலி செய்வாயே!

எந்த ஓவியங்களைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எல்லாம் உன் கடைசி வருடத்தவை. நோயில் படுத்து, எழுந்து உட்காரவும் முடியாமல் நீ வரைந்தவை.

"கை உடைஞ்ச பிள்ளை இடது கையால எழுதினதப் பாத்து, இதுதான் அவன் கையெழுத்துன்னு சொல்லலாமா?" என்றேன்.

"அண்ணனுக்கு மனசு மாறி, அதுவே பிடிச்சிருந்தா?"

உண்மையிலேயே மாறிவிட்டாயா?

மணி நாலரை. அலமாரியிலிருந்து உன் தாள்களை இழுத்துப் போட்டுத் தேடினேன். பட்டம் வரைந்த தாளின் ஓரத்தில், பென்சிலில், உன் கோணல் எழுத்து:

"படுத்துக்கிட்டு இவ்ளோதான் தெரியுது, கவிதா. நீ மேல போய்ப் பாரு."

கவிதா தாளை வாங்கிப் படித்தாள். "ஸ்கேன் பண்றப்ப ஓரத்த வெட்டிட்டோம், டீச்சர்." ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "அனுப்பாதீங்க. அந்த ஷாட் அண்ணனோடது இல்ல."

பிறகு என்னிடம் திரும்பி, "மொட்டைமாடிக்கு எப்படிப் போறது?" என்றாள்.

இப்போது அங்கேதான் உட்கார்ந்து வரைகிறாள். நான் படிக்கட்டோடு நின்றுவிட்டேன். ஆனால் படம் திரைக்கு வரும் நாளில், கேமரா மேலே ஏறும்போது, நான் கண்ணை மூட மாட்டேன், தம்பி. இது சத்தியம்.

கீழேயே நிற்கும்
உன் அக்கா