மரச்சீனி வண்டும் தவறிய கப்பலும்

மைனி,

இன்று காலை அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வற்றல் போட்டு வைத்திருந்த டின்னைத் திறந்தேன். அடியில் மாவு போலப் பொடி உதிர்ந்து கிடந்தது. கிளறியதும் கடுகளவில் ஒரு கறுத்த வண்டு அவசரமே இல்லாமல் மேலே ஏறி வந்தது. முன்பென்றால் டின்னோடு கொண்டுபோய் முற்றத்தில் கொட்டியிருப்பேன். இன்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது. அந்த மழைக்கு முந்தைய உங்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அண்ணனைக் கட்டி நெய்யூருக்கு வந்த நாளிலிருந்து, எதைப் பார்த்தாலும் "இது எதுக்காக்கும்?" என்று கேட்ட உங்களை.

அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். நாம் இருவரும் பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துப் பனையோலைப் பெட்டி முடைந்து, கன்னியாகுமரிக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அங்கே ஒன்றை வாங்கிப்போன வெளிநாட்டுக்காரர், தன் ஊரில் கடை வைத்திருப்பவராம், கொஞ்ச நாளில் மெயில் அனுப்பினார். பெரிய ஆர்டர். முடைந்த பெண்கள் எல்லோரும் தங்கள் பெட்டி கப்பல் ஏறப்போவதை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அப்போதுதான் தூத்துக்குடி ஏஜெண்ட் போனில் சொன்னார்: "ஓலை, மரப்பலகை எல்லாம் செடியில இருந்து வந்த பொருளு. ஃபியூமிகேஷன் பண்ணி, சர்டிபிகேட் இல்லாம அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"பொகை போடணுமாம்," என்றேன் உங்களிடம்.

"சாம்பிராணி போலயா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று லாரிக்குப் பின்னாலேயே பஸ் ஏற வைத்தீர்கள்.

குடோனில் நம் அட்டைப்பெட்டிகளை மரத்தட்டுகளின்மேல் அடுக்கி, பெரிய தார்ப்பாய் போட்டு மூடினார்கள். காற்று கசியாமல் இருக்க ஓரமெங்கும் மணல் நிரப்பிய நீளப் பைகளைப் படுக்க வைத்தார்கள். மண்டையோடு வரைந்த பலகையைத் தொங்கவிட்டு, நம்மைத் தூரப் போகச் சொன்னார்கள். நீங்கள் எட்டி எட்டிப் பார்த்தீர்கள்.

"தம்பி, பொகைய எங்க?"

முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தவர் சிரித்தார். "பேருதான் பொகைக்கா. இது வாயு. கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கெடையாது. கசிஞ்சா தெரியணும்னு கண்ணு எரியிறதுக்கு வேறொண்ணு கொஞ்சம் கலந்திருக்கும்."

"அப்போ உள்ள பூச்சி செத்துதா இல்லியான்னு எப்பிடி வெளங்கும்?"

"மீட்டர் காட்டும்க்கா."

"மீட்டரு வாயுவத்தானே காட்டும். பூச்சியக் காட்டாதே."

அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் உங்களுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்ததன் காரணம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

நாம் மறுபடி போனபோது தார்ப்பாயை எடுத்து, வாயு முழுக்கப் போகும்வரை காற்றாட விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, இனி வரலாம் என்றார்கள். நீங்கள் நேராகப் போய், மூலையில் சிவப்பு நூல் கட்டியிருந்த ஒரு அட்டைப்பெட்டியைத் திறக்கச் சொன்னீர்கள். உள்ளிருந்து ஒரு சின்ன ஓலைப்பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தீர்கள். லாரி ஏறும் முன்பே வீட்டு டின்னிலிருந்து நீங்கள் பிடித்துப் போட்ட மரச்சீனி வண்டு விளிம்பேறி வந்து உங்கள் பெருவிரலில் நடந்தது.

"எக்கா, என்ன காரியம் பண்ணிருக்கீங்க!" என்று அந்த ஆள் பதறினார். அடுத்த நொடியே அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார். "உள்ள பிளாஸ்டிக் சுத்திருக்கீங்களா? அட்டைக்கு வெளிய சுத்திருக்கான்னுதானே பாத்தோம்."

மழைக்காலம் என்று, ஓலை பூஞ்சை பிடிக்காமலிருக்க, பெட்டிகளைப் பத்துப் பத்தாக பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டியிருந்தோம். வாயு அதைத் தாண்டிப் போகவில்லை.

மறுநாள் கப்பல். "மைனி, அது நாம போட்ட வண்டுதானே," என்றேன். "எடுத்துக் களஞ்சிட்டா தீந்துது. வேற எதுல இருக்கப் போவுது?"

நீங்கள் வண்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நம்ம தென்னையப் பாத்தியா? ஓலையெல்லாம் வெள்ளை ஈ பிடிச்சுக் கரிஞ்சு நிக்குது. அது நம்ம ஊரு ஈ இல்லியாம். எங்கேருந்தோ வந்துதாம். எந்தப் பெட்டியில வந்துதோ, எவ தொறந்து விட்டாளோ, யாருக்குத் தெரியும்?" வண்டைப் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டு, "அந்த எவ நானா இருக்கப்படாது, கேட்டியா," என்றீர்கள்.

அட்டைப்பெட்டிகள் அத்தனையையும் பிரித்தோம். குடோனில் இருந்தவர்களும் உட்கார்ந்து கவரைக் கிழித்தார்கள். கப்பல் நம்மை விட்டுப் போனது. ஊருக்கு வந்ததும் பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அறைக்குள் இருந்தேன். நீங்கள்தான் வெளியே போய் நடந்ததைச் சொன்னீர்கள். வெளிநாட்டுக் கடைக்காரருக்கும் வண்டு உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் எழுத வைத்தீர்கள். இரண்டு நாள் பதில் இல்லை. அதன்பிறகு வந்த மெயிலில், அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி. வண்டு நலமா என்று இன்னொரு வரி. நலம்தான். அதை நீங்கள் திரும்ப உள்ளே போடச் சம்மதிக்கவில்லை. "இது தப்பிச்ச உயிரு," என்று டின்னிலேயே கொண்டு விட்டீர்கள்.

இரண்டாம் முறைக்கு வேறொரு வண்டு போனது. திறந்தபோது அது மல்லாந்து கிடந்தது. நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மூக்கு எங்கட்டி இருக்கு? எது வழியா மூச்சு விட்டிருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு என்று பிறகு நான் தேடிப் படித்துச் சொன்னேன். அது தெரிந்தபிறகுதான் அன்று சாப்பிட்டீர்கள்.

பெட்டிகள் இப்போதும் போகின்றன, மைனி. போன மாதம் புதிதாக ஒருவர் பெட்டி கேட்டார். மரத்தட்டுக்கு அந்த வாயு வேண்டாம், வானத்து ஓசோனைக் கெடுக்கிறது, சூட்டில் வைத்த மரம்தான் வேண்டும் என்றார். ஏஜெண்டிடம் விட்டிருக்கலாம். நானே பஸ் ஏறிப் போனேன். பலகைகளை அறைக்குள் அடுக்கி, இருப்பதிலேயே தடித்ததில் துளை போட்டு, ஒரு கம்பியை நடுமரம் வரை இறக்கினார்கள். நடுவிலும் சூடு ஏறி, அரை மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டுமாம். ஏன் நடுவில் என்று கேட்டேன். புழு அங்கேதானே ஒளிந்திருக்கும் என்றார் அங்கிருந்தவர். நீங்கள் கேட்டிருப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

கதவைத் திறந்தார்கள். சூடான மரத்தின் மணம் முகத்தில் அடித்தது. கிளம்பப் போனவள் நின்றேன்.

"இப்போ சுத்தமாயிட்டுது. வெளிய எடுத்துப் போட்டா, வேற பூச்சி வந்து ஏறாதா?"

அவர் யோசித்தார். "பச்ச மரத்தத் தின்னுறது ஏறாதுக்கா. காஞ்ச மரத்துல ஏறுறது சிலது உண்டு. எதெதுன்னு விசாரிச்சு வைக்கேன். வாங்க."

அது உங்கள் கேள்வி இல்லை, மைனி. என்னுடையது. பதில் கேட்க நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.