பெறுபவர் பெயர்

பழவேற்காடு
3.2.1985

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் சுகம். ஏரியில் இந்த வருஷம் இறால் நன்றாக விழுகிறது. ஆரம்பாக்கத்து ஐஸ் கொட்டகையை எனக்கே விற்பதாக மனோரமா அக்கா சொல்லிவிட்டார். நோன்புக்கு முன் பணம் கட்ட வேண்டும்.

இந்த முறை பாங்கி இல்லாமல் பணம் கைமாற்றும் உண்டியல்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். வழக்கம்போல் அவர் உங்கள் அண்ணன் கையில்தான் கொடுப்பார். அண்ணன் கொட்டகையைத் தம் பேரில் வாங்கிவிடுவார். பொன்னேரி பாங்கியில் நான் கணக்குத் திறந்திருக்கிறேன். எண் பின்பக்கம் இருக்கிறது.

சுராயா

பஹ்ரைன்
24.2.1985

என் வீட்டாருக்கு,

வ அலைக்கும் ஸலாம். பாங்கிக்குப் போனேன். இப்போது பெரிய பாங்கிக் கிளைகளுக்கு எட்டெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறார்கள். முதல் நான்கு பாங்கி, அடுத்த இரண்டு தேசம், கடைசி இரண்டு ஊர். அது இருந்தால் பணம் வழி தவறாதாம். பொன்னேரிக்கு அது கிடையாது. உன் பாங்கியின் லண்டன் கிளைக்கு உண்டு. லண்டனிலிருந்து டெலக்ஸில் மெட்ராஸ், அங்கிருந்து தபாலில் பொன்னேரி. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

உண்டியல் என்றால் மறுநாளே வந்திருக்கும். உன் பிடிவாதம்.

அப்துல் ஷுக்கூர்

பழவேற்காடு
31.3.1985

மச்சானுக்கு,

ஸலாம். பணம் பொன்னேரி வரை வந்து திரும்பிப் போய்விட்டது. மேனேஜர் காகிதத்தைக் காட்டினார். லண்டன் சரி, மெட்ராஸ் சரி, கணக்கு எண்ணும் சரி. பெறுபவர் என்ற இடத்தில் ‘ஷுக்கூர் வீட்டார்’ என்றிருந்தது.

“இன்னாம்மா இது, வீட்டாருன்னு யாருக்கும் இங்க கணக்கு இல்லியே” என்றார்.

வரிசையில் நின்ற தோணிரேவு அங்கமுத்து முந்திக்கொண்டார். “அவங்க ஊட்ல பொம்பளைங்க பேரை வெளிய சொல்ல மாட்டாங்க சார்.” எல்லோரும் சிரித்தார்கள்.

அந்நிய ஆண்களிடம் மனைவி பெயரைச் சொல்லாதது நம் குடும்பத்து மரியாதை. இத்தனை வருஷம் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் கண்ணால் காணாத லண்டன் பாங்கியை ஓரெழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு, என்னை விட்டுவிட்டீர்கள்.

உண்டியலுக்கு ஆள் சொல்லட்டுமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். கொட்டகை போனால் போகட்டும். என் பெயருக்கு வராத பணம் எனக்கு வேண்டாம்.

சுராயா

பஹ்ரைன்
21.4.1985

சுராயாவுக்கு,

கவுண்டரில் இருந்த மலையாளி, யாருக்கு என்று கேட்டார். எனக்குப் பின்னால் நம் ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர். மெல்லச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். சத்தமாகச் சொன்னேன்.

ஷுக்கூர்

பழவேற்காடு
19.5.1985

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பணம் வந்தது. வியாழனன்று பதிவும் முடிந்தது. சாட்சிக்கு அண்ணனையே கூப்பிட்டேன், வந்தார். பதிவாளர் வாங்குபவர் யார் என்று கேட்டதும், “நம்ம தம்பி பொஞ்சாதி சார்” என்றார்.

பதிவாளர் பத்திரத்திலிருந்து நிமிரவில்லை. “அதுக்குப் பேர் இருக்குமில்ல. சுராயா யாரு?”

“நான்தான்” என்றேன்.

சுராயா