பலாமரத்தில் செய்த இரண்டு ஸ்பீக்கர்கள்

மாப்ள,

இன்று காலை என் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஆசாரி ஒருவர் கதவுக்குப் பூச அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக்கொண்டிருந்தார். அந்த வாடை முன்னால் கல்லா வரைக்கும் வந்தது. ஒருவர் ப்ளைவுட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். விலை பேசும்போது நான் எழுந்து போய் என் ஆட்கள் பார்த்ததே கிடையாது. "மொதலாளிக்கு ஒடம்புக்கு என்னமோ பண்ணுது" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது காதில் விழுந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்த வாடையில் நீ இருந்தாய், அவ்வளவுதான்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஒளித்துப் பேசத் தெரியாது என்று ஊரே சொல்லும், நீயும் சொல்வாய். ஆனால் உன்னிடம் ஒரே ஒரு விஷயத்தை மூன்று வருடம் ஒளித்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நாற்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவன் நீ. கீரனூரைச் சுற்றி எந்தக் காதுகுத்து, எந்தக் கல்யாணம், எந்தக் கோயில் காப்புக்கட்டு என்றாலும் உன் குழாய் ஸ்பீக்கர்தான் கம்பத்தில் ஏறும். பக்கத்து ஊர்க்காரன் வந்து சண்டை போட்டால்தான் விசேஷம் நன்றாக நடந்தது என்று அர்த்தம், அதுதான் உன் கணக்கு. ஆனால் உன் வீட்டில் ஒரு ரேடியோ கிடையாது. "வேலைக்குப் போனா சத்தம். வீட்டுக்கு வந்தா இந்தக் காது வாடகைக்கு இல்ல" என்று சொல்லிவிடுவாய்.

செட்டை விற்றுவிட்டு நீ வீட்டோடு உட்கார்ந்த வாரம், நான் உன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, மாவாட்டிய கையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டீங்க. எனக்குன்னு ஒரு பாட்டுப் போட்டீங்களா? செல்போன்ல பாட்டப் போட்டுத் தோள்ல இடுக்கிக்கிட்டு கழுத்து ஒருபக்கமா போச்சு."

"என்ன இப்ப? மாடியில ரெண்டு குழாயக் கட்டிவிடவா?"

"எனக்குச் சின்னதா வேணும். அலமாரியில வைக்கிற மாதிரி. நான் கேட்டாப் போதும், நார்த்தாமலைக்குக் கேக்க வேணாம்."

நான் சிரித்ததில் காபி புரையேறியது. நீ சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்து நின்றாய்.

"மாப்ள, அந்தப் பலாப் பலகைய எடு."

ஆலங்குடிப் பக்கம் தங்கச்சியின் பிறந்த வீட்டுத் தோப்பில் புயலுக்குச் சாய்ந்த மரம் அது. அடிமரத்தை அறுத்துப் பலகையாக்கி என் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தோம். மூன்று வருடம் காய்ந்த சரக்கு. ஒரு நல்ல கதவுக்கு ஆகும் என்று நான் அதன்மேல் கண் வைத்திருந்தேன், மறைப்பானேன். அதனால், ஸ்பீக்கர் பெட்டிக்கெல்லாம் ப்ளைவுட்தான் சரி என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒனக்கு ப்ளைவுட் விக்கணும். மிருதங்கம் எதுல செய்றாய்ங்க? பலாவுல. வீணைக்குக் குடம் எதுல? பலாவுல. நாதம் உள்ள மரம்டா. பாட்டு வரப்போற பெட்டிக்கு அத விட்டுட்டு, ஒட்டுப்பலகையில செய்யச் சொல்றான் பாரு!"

முப்பது வருடம் மரத்தோடு பழகிய எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நம் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஈ ஓட்டும் நேரம்தான் நம்முடைய நேரம். நீ திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் இரண்டும், சோடா மூடி அளவுக்குச் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். கனத்த ஓசையெல்லாம் பெரியதில், 'சில்' என்று தெறிக்கும் மெல்லிய ஓசையெல்லாம் சின்னதில் என்று எனக்குப் பாடம் வேறு. பலகையை ஒட்டி இறுக்கிப் பிடிக்க என் கடையில் இரும்புக் கிடுக்கி விதவிதமாக இருந்தும் நீ தொடவில்லை. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாய். "கம்பத்துல குழாயக் கட்டுன கை. ரப்பர் மாதிரி சமமா எதுவும் புடிக்காது" என்றாய். மறுநாள் அவிழ்த்தபோது மூலையில் மயிரிழை இடைவெளி இல்லை. நான் கிடுக்கி விற்பவன், கிடுக்கியையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தேன்.

ஒரு பெட்டியைப் பூட்டிப் பாட்டுப் போட்டோம். நீ உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாய்.

"மாப்ள, கைய வச்சுப் பாரு. உசுரு இருக்குடா இதுல."

"எனக்கு என்னமோ மூக்கடைச்சவன் குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரி இருக்கு."

"ஒனக்குப் பாட்டுன்னா லாரி ஹாரன். பேசாத. இந்த ஜால்ராவக் கேளு, என்னமா தெறிக்குது!"

நீ டீ வாங்கப் போன நேரத்தில் பெட்டியின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் பற்றவைக்காமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓசையே வரவில்லை. நீ தெறிக்கிறது என்று மெச்சிய ஜால்ரா அந்தப் பெட்டியிலேயே இல்லை.

தட்டிப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் நான் நம்ப மாட்டேன். நீ திரும்பி வந்து உப்புத்தாள் தேய்க்க உட்கார்ந்ததும், உன் முதுகுக்குப் பின்னால் நின்று கடைச் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். நீ தேய்த்துக்கொண்டே இருந்தாய். இன்னும் பக்கத்தில் வந்து குலுக்கினேன். அப்போதும் தேய்த்துக்கொண்டே இருந்தாய். முன்னால் வந்து, ஒயரைக் காட்டி, நேராகவே கேட்டேன்.

"ஒனக்கு மெல்லிசான சத்தம் கேக்கல. சரியா?"

நீ உப்புத்தாளை மடித்துக் கீழே வைத்தாய்.

"அஞ்சாறு வருசமாச்சு மாப்ள. குக்கர் விசில் கேக்காது. அவ அடுப்படியில இருந்து கூப்புட்டாக் கேக்காது. வீம்புக்குப் பேசாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு நாலு திட்டுத் திட்டுவா. நல்லதுன்னு இருந்துருவேன்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"சொன்னா அவ பாட்டே போட மாட்டாடா. ஒங்களுக்குக் கேக்காதது எனக்கு எதுக்குன்னு பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்ருவா. வாயத் தொறந்து இது வேணும்னு அவ கேட்டதே இந்த ஒண்ணுதான். அதக் கெடுத்துராத."

அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. "இனிமே நீதான் எனக்குக் காது" என்று சொல்லிவிட்டாய். பாட்டே கேட்காத காதும், கேட்கும் திறன் போன காதுமாக இரண்டு கிழவர்கள் ஸ்பீக்கர் செய்தோம். நீ சாமான் வாங்கிய திருச்சிக் கடைக்காரருக்குப் போன் போட்டு, குடத்துக்குள் பாடுகிற கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா, வீணையில குடம் பாடணும். இதுல பெட்டி வாயவே தொறக்கக் கூடாது. உள்ள இருக்குறது மட்டுந்தான் பாடணும். அந்த மரத்தோட வாய அடைங்க முதல்ல."

நாதமுள்ள மரம் என்று தேடிப் பிடித்ததுதான் நாம் செய்த தப்பு. நான் சொன்னதைக் கேட்டு நீ பெட்டியில் மறுபடி உள்ளங்கையைப் பதித்தாய். கையில் அதிர்கிற அந்தப் பெட்டிதான் உனக்குக் கேட்கும் பெட்டி. எனக்கு அது தெரியும். "அவளுக்குத்தானே செய்றோம். அடச்சு விட்ரு" என்றாய். தொங்கிய ஒயரை நீ பற்றவைத்தாய். கூரை ஒழுக்குக்கு விற்கும் தார் அட்டையை வெட்டி இரண்டு பெட்டிக்கும் உள்பக்கமெல்லாம் ஒட்டினேன். குறுக்கே சட்டம் கொடுத்து, இலவம் பஞ்சைத் திணித்தேன். தட்டினால் மண்சுவரைத் தட்டுவது போல 'தொப்' என்றது.

அதற்குப் பிறகு வந்த மாதம்தான் மாப்ள, நம் வாழ்க்கையிலேயே நல்ல மாதம். தேய்க்கிற மாதம். பலாத் தூள் மஞ்சள் பூத்தது. மீசை, புருவம், காதுமடல் எல்லாம் மஞ்சள். உன்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த தங்கச்சி வாசலிலேயே நின்று, "யாருக்குங்க சடங்கு?" என்றாள். வழவழப்பு வந்ததா என்று பார்க்கக் கையை நம்பாதே, கன்னத்தை வைத்துப் பார் என்றாய். இரண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு இருந்தபோது கீல் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அவர் இன்னும் என் கடைக்கு வரவில்லை.

பிறகு அரக்குப் பூச்சு. பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலமாகக் கட்டி, வட்டம் வட்டமாக, நிற்காமல் இழுக்க வேண்டும். நின்ற இடத்தில் தழும்பு விழும். நான் அவசரக்காரன், மூன்று இடத்தில் தழும்பு. நீ மறுபடி தேய்த்து மறுபடி பூசினாய். எத்தனை பூச்சு என்று நான் கேட்டதற்கு, "ஒன் மூஞ்சி தெரியிற வரைக்கும். தெரிஞ்சதும் நிறுத்திரணும், பெட்டி பயந்துரும்" என்றாய்.

வீட்டுக்குக் கொண்டுபோன அன்று ஹால் சுவரில் இருந்த நீளப் பலகையின் இரண்டு ஓரத்தில் இரண்டையும் வைத்தோம். தங்கச்சி எதிரே உட்கார்ந்தாள். பழைய பாட்டு ஒன்று. அவள் கண் தானாக மூடியது. எனக்கே அன்றுதான் பாட்டில் சொல் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. நீ வலது பக்கப் பெட்டியில் உள்ளங்கையை வைத்தாய். அது அசையாமல் இருந்தது. கரண்ட் போன வீடு மாதிரி உன் முகம் ஆனதைப் பார்த்தேன். அடுத்த நொடி, "பிரமாதம்! எப்புடி, ஒன் ஆளு செஞ்சது?" என்று தொடையைத் தட்டினாய்.

இனி நான் ஒளித்தது. காபி டம்ளரை வைக்க நான் அடுப்படிக்குப் போனேன். தங்கச்சி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, பெட்டிக்குள்ள என்னமோ ஒட்டியிருக்கீங்கல்ல? வலது பக்கத்துல மட்டும் அத எடுத்துருங்க."

"எதுக்கும்மா? பாட்டு கெட்டுப் போகுமே."

"எனக்குக் கொஞ்சம் கெட்டாப் பரவால்ல. பெட்டியில கைய வச்சதும் அவரு மூஞ்சி போனதப் பாத்தேன், கையில அதிந்தாத்தான் அவருக்குப் பாட்டு. அவருக்குக் காது போயி எட்டு வருசமாச்சுண்ணே. எனக்குத் தெரியாதா? கேக்காதுன்னு தெரிஞ்சுதான் அந்தத் திட்டுத் திட்டுறேன். அப்பத்தான் என் மூஞ்சியப் பாப்பாரு, விசயம் புரியும். நாந்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லிராதீங்க. தெரிஞ்சா வேணாம்னுருவாரு."

அதாவது, உன் காதைப் பற்றிய ரகசியத்தை நீ அவளுக்குச் சொல்லாதே என்றாய்; அவள் உனக்குச் சொல்லாதே என்றாள். ஒரே சரக்கை இரண்டு பேரிடமும் வாங்கி, இரண்டு பேருக்கும் விற்காமல் நடுவில் வைத்துக்கொண்டு நின்றவன் நான்தான். ஸ்குரு ஒன்று லூஸ் என்று பொய் சொல்லி வலதுபக்கப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிவந்து, அட்டையையும் சட்டத்தையும் பெயர்த்தேன். திரும்ப வைத்துப் பாட்டுப் போட்டதும் நீ கையை வைத்தாய். அப்போது உன் முகம் போன போக்கை நான் எழுதி முடியாது. வாசல் வரை வந்து என் காதில், "அவளுக்குத் தெரியாம எடுத்துவிட்ட பாத்தியா, நீதாண்டா மாப்ள" என்றாய். ஆமாம் என்று தலையாட்டினேன். நான் இல்லை மாப்ள. அவள்தான்.

மூன்று வருடம் நீ வலது பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு, கையை வைத்துக்கொண்டே தவில் வரும் இடத்தில் தலையாட்டினாய். அவள் இடது பக்கம் தள்ளி உட்கார்ந்து கேட்டாள். ஒரு நாள்கூட பாட்டு நின்றதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, வலது பக்கம் அந்த அட்டைய ஒட்டிக் குடுத்துருங்க. அந்தப் பெட்டி கொர்ருங்குது. மூணு வருசம் அவருக்காகப் பொறுத்துக்கிட்டேன்."

பெட்டியை எடுத்துவந்தேன். ஒட்டவில்லை. வேலை இருக்கிறது என்றேன். மழை ஈரம் என்றேன். ஒரு நாள் பசை தீர்ந்துவிட்டது என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"ஹார்டுவேர் கடையிலயா?" என்று அவள் சிரித்தாள். பிறகு மெதுவாக, "எனக்குப் பாட்டுக் கேக்கணும்ணே" என்றாள். அவள் பாட்டுக் கேட்க வேண்டும் என்றுதானே நீயும் அன்று என்னிடம் கேட்டாய்?

ஒட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். சொல் இல்லை, ராகம் இல்லை. ஆனால் பாடுகிறவன் மூச்சு இழுப்பதும், தவில்காரன் கை விழுவதும் முழங்கை வரை ஏறியது. பிறகு ஒட்டினேன். சட்டத்தைக் கொடுத்தேன். மூடினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வைத்தேன். தங்கச்சி இரண்டுக்கும் நேர் நடுவில் உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணே, இங்கிட்டும் வரல, அங்கிட்டும் வரல. நடுவுல வெறுஞ்செவுத்துல இருந்துல்ல பாட்டு வருது! ஆளு அங்கன நின்னு பாடுற மாதிரி இருக்கு."

இரண்டு பெட்டியும் ஒன்றுபோல் அமைந்தால் அப்படித்தான் வருமாம், திருச்சிக் கடைக்காரர் அப்புறம் சொன்னார். அவள் அந்த வெறுஞ்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "மூணு வருசம் இதக் கேக்க விடலயே, பாவி மனுசன்!"

உன்னைத் திட்டும்போது அவள் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதே குரல்தான். திட்டி முடித்ததும், உனக்குக் கேட்டிருக்குமா என்பது போல ஒரு முறை அந்தச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இப்போதெல்லாம் எதில் சத்தம் வந்தாலும் என் கை தானாகப் போய்ப் பதிகிறது. பஸ் ஜன்னல் கம்பியில், அறுவை மெஷின் மேஜையில், பேரப்பிள்ளை அழும்போது அவன் முதுகில். சில நேரம் காதைவிடக் கைக்கு முதலில் கேட்கிறது.