வாட்ச் எதை எண்ணுகிறது?

அப்பா,

இடியாப்பம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் சர்க்கரை போடவில்லை, நீங்களும் போடாதீர்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மரியா ஆன்ட்டியிடம் கொடுங்கள். தையல் வேலைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

இன்றிலிருந்து ஓடப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். இதயத்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக்கூடாது என்றார் டாக்டர். தாண்டவில்லை என்கிறது வாட்ச். எனக்கு அதன்மேல் சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் உங்கள் பின்னால் வந்து, நீங்கள் வைத்த அடிகளை எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. உங்கள் போன் என்னிடம்தானே இருந்தது. வாட்ச் அதில் காட்டிய துடிப்பும் நூற்றுப் பதினெட்டு. புதன்கிழமை மெதுவாக நடந்தீர்கள். அடி நூற்று நான்கு, துடிப்பும் நூற்று நான்கு. அது உங்கள் காலை எண்ணிவிட்டு நெஞ்சு என்கிறது.

நேற்று நீங்கள் நின்றதும், வியர்வை துடைப்பதுபோல் உங்கள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். கால் நிமிடத்தில் முப்பத்தாறு. அப்படியென்றால் நூற்று நாற்பத்து நான்கு.

சொல்ல வந்தேன். “எட்டாவதே முடிக்கல, நீ மெஷினுக்கு மார்க் போடுறியா? அக்கா வாங்கிக் குடுத்ததுன்னு வயித்தெரிச்சல்” என்றீர்கள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் உண்டு. அதற்காக எண்ணிக்கை தப்பாகாது.

எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் பாருங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றப் பக்கங்களைத் திருப்பக்கூடாது.

ஜோவிதா

திருப்பினாலும் பரவாயில்லை. ஓடாதீர்கள்.